ரோட்டு விலையும் தெரு விலையும்

"அண்ணே, அப்பா கட்டின வீடு. விக்கிரவாண்டியில, ஹைவேஸ்ல இருந்து நடந்து போற தூரம்தான். எவ்வளவு சொல்லலாம்?"

இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறவர் மனதில் ஏற்கெனவே ஒரு தொகை இருக்கும். எங்கிருந்து வந்தது என்று கிளறினால், டோல்கேட்டுக்குப் பக்கத்தில் யாரோ சென்ட் இன்ன விலைக்குக் கொடுத்தார்களாம், தரகர் சொன்னாராம் என்பார். உட்காருங்கள் தம்பி, டீ சொல்லியாச்சு. அந்தத் தொகையை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

விக்கிரவாண்டி சாலையால் பேர் வாங்கிய ஊர். சென்னையிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில், பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகிற சாலை இங்கேதான் பிரிகிறது. பொங்கலுக்கு முந்தைய இரவில் டோல்கேட்டில் வண்டிகள் நிற்பது வருஷா வருஷம் செய்தி. 2024-ல் ஜூலையில் இடைத்தேர்தல், அக்டோபர் 27-ல் வி.சாலையில் விஜய் கட்சியின் முதல் மாநில மாநாடு என்று ஊர் பேர் டி.வி.யில் ஓடிக்கொண்டே இருந்தது. மாநாடு நடந்த ஊர் என்று சென்டுக்கு ஐம்பதாயிரம் கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு. மாநாட்டுக்கு வந்தவர்கள் அன்று ராத்திரியே ஊர் திரும்பிவிட்டார்கள். உங்கள் தெருவில் வீடு கேட்டு யாரும் நிற்கவில்லை.

சாலையோரத்து நிலத்தை வாங்குகிறவர் ஓட்டல் போடுவார், பெட்ரோல் பங்க் வைப்பார், குடோன் கட்டுவார். அவர் விலை கொடுப்பது வண்டி திரும்பி உள்ளே வரக்கூடிய முகப்புக்கு. அங்கே வீடு நின்றால்கூட இடிக்கிற செலவு என்று கழித்துக்கொள்வார். தெருவுக்குள் இருக்கிற வீட்டை வாங்க வருகிறவர் வேறு ஆள். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர், சர்க்கரை ஆலையில் இருப்பவர், விழுப்புரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிற வாத்தியார், பிள்ளைகள் படிப்புக்காகப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து குடியேற நினைக்கிறவர். இவர்கள் பணம் சம்பளத்திலிருந்தும் வங்கிக் கடனிலிருந்தும் வருகிறது. டோல்கேட் விலையை இவர்களிடம் சொன்னால், "சரிங்க, வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று மரியாதையாக எழுந்து போய்விடுவார்கள். போனவர்கள் திரும்ப வரமாட்டார்கள்.

ஆகவே நீங்கள் விலை போட வேண்டியது தெரு வீட்டுக்கு. மனைக்குத் தனியாக, கட்டடத்துக்குத் தனியாக.

ஒரு வீட்டை வைத்தே பேசுவோம். எண்களைக் கணக்கு புரிவதற்காகப் போடுகிறேன், உங்கள் தெரு விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனை 1,800 சதுர அடி. அதில் 900 சதுர அடியில் தளம் போட்ட வீடு, கட்டி 20 வருஷம். உள் தெருவில் சதுர அடி 1,000 ரூபாய் என்று வைத்தால் மனை 18 லட்சம். அதே வீட்டை இன்றைக்குப் புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,000 ஆகிறது என்று வைத்தால் கட்டடமும் 18 லட்சம். கூட்டினால் 36 லட்சம். இங்கேதான் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள்.

வங்கியிலிருந்து வருகிற மதிப்பீட்டாளர் மூடமாட்டார். கட்டடத்தின் ஆயுள் 60 வருஷம் என்று எடுத்துக்கொள்வார். கடைசியில் இடித்தாலும் கம்பி, கதவு, ஜன்னல் என்று ஒரு 10 சதவீதம் தேறும் என்று ஒதுக்குவார். மீதி 90 சதவீதத்தை 60 வருஷத்துக்குப் பரப்பினால் வருஷத்துக்கு ஒன்றரை சதவீதத் தேய்மானம். 20 வருஷத்துக்கு 30 சதவீதம். 18 லட்சத்தில் 5.40 லட்சம் போய், கட்டடம் 12.60 லட்சத்துக்கு வந்து நிற்கும். மனையோடு சேர்த்து 30.60 லட்சம். போன வருஷம் நீங்கள் போட்ட டைல்ஸ், பூஜை அறைக் கதவில் செதுக்கிய அஷ்டலட்சுமி, மாடிப்படிக்கு வைத்த ஸ்டீல் கைப்பிடி எதுவும் இந்தக் கணக்கில் பெரிதாக ஏறாது. மனை மட்டும்தான் வருஷம் போகப் போக ஏறுகிற சரக்கு.

இப்போது வாங்குகிறவர் பக்கம் வந்து உட்காருங்கள். வங்கி கடன் கொடுப்பது, பேசிய விலையிலும் மதிப்பீட்டாளர் சொன்ன விலையிலும் எது குறைவோ அதன் மீது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம் வரை போகலாம். பழைய வீடு என்றால் பல கிளைகளில் 80-க்கே கையை இழுத்துக்கொள்வார்கள். பதிவுச் செலவு தனி. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. இதற்கு வங்கி பொதுவாகக் கடன் தராது.

முப்பது லட்சத்துக்குப் பேசினீர்கள், மதிப்பீடும் 30 லட்சம் என்றால் கடன் 24 லட்சம். வாங்குகிறவர் கையிலிருந்து 6 லட்சமும், பதிவுக்கு 2.70 லட்சமும் போட வேண்டும். மொத்தம் 8.70 லட்சம். நீங்கள் 36 லட்சத்தில் பிடிவாதமாக நிற்கிறீர்கள், மதிப்பீடு அதே 30 என்றால் கடன் அதே 24 தான். கையிலிருந்து 12 லட்சம், பதிவுக்கு 3.24 லட்சம், மொத்தம் 15.24 லட்சம். நீங்கள் ஏற்றியது 6 லட்சம். அவர் வீட்டில் நகையாகவும் சீட்டுப் பணமாகவும் திரட்ட வேண்டியது ஆறரை லட்சத்துக்கும் மேல் கூடிவிட்டது. சம்பளக்காரர் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்கிறார். உங்கள் வீட்டின் விலையை முடிவு செய்வது அவர் கையிலிருக்கும் அந்த ரொக்கம். வீட்டைப் பார்க்க வருகிறவரிடம் "லோனா, கைப்பணமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

தெருவில் உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள டீக்கடைப் பேச்சை நம்ப வேண்டியதில்லை. பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் எண்ணுக்கு அக்கம்பக்கத்து எண்களையும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். அதே தளத்தில் தெரு வாரியாக அரசு வழிகாட்டி மதிப்பும் கிடைக்கும். அதற்கும் ஒரு கதை உண்டு. 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்காக ஏற்றியது. 2023-ல் மதிப்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டணத்தை இரண்டாக இறக்கியது. 2024 ஜூலை 1 முதல் மறுபடி திருத்தினார்கள். ஆகவே 2019-ல் பதிவான பத்திரத்தின் தொகையையும் 2024-ல் பதிவானதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நடுவில் தராசே மாறியிருக்கிறது.

வழிகாட்டி மதிப்பு என்பது அதற்குக் குறைத்துப் பதிவு செய்யாதே என்று அரசு போடுகிற கோடு. சில தெருக்களில் அது உண்மை விலையில் பாதி இருக்கும். சில இடங்களில், முக்கியமாக ரோட்டை ஒட்டிய சர்வே எண்களில், உண்மை விலைக்கு மேலேயே போய் நிற்கும். ஒரே சர்வே எண்ணின் ஒரு முனை நெடுஞ்சாலையில், மறுமுனை உங்கள் வீட்டுக் கொல்லையில் என்று இருந்தால் இந்தத் தலைவலி வரும். வழிகாட்டி மதிப்பை ஏற்காமல் குறைத்துப் பதிந்தால் முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவில் ஆவணம் முத்திரைத்தாள் தனித்துணை ஆட்சியரிடம் போகும். அவர் ஆள் அனுப்பி இடம் பார்த்து மதிப்பு நிர்ணயம் செய்வார். கடனில் வாங்குகிறவர் அவ்வளவு நாள் காத்திருக்கமாட்டார். விலை சொல்லும் முன் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சரி, விலை கிடக்கட்டும். வீட்டைத் தயார் பண்ணுவது என்றால் எல்லோரும் முதலில் பெயின்டரைக் கூப்பிடுகிறார்கள். நான் பீரோவைத் திறக்கச் சொல்வேன்.

உங்கள் அப்பா வாங்கிய பத்திரத்தின் அசல் இருக்கிறதா? அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம்? வங்கி வக்கீல் முப்பது வருஷத்துத் தொடர்ச்சி கேட்பார். இந்தப் பகுதியில் 1993 செப்டம்பருக்கு முன் எழுதிய பத்திரங்களில் "தென்னாற்காடு மாவட்டம்" என்றே இருக்கும், அப்போது விழுப்புரம் மாவட்டம் பிரியவில்லை. வெளியூர்க்காரர் அதைப் பார்த்து, "இது வேற மாவட்டத்துப் பத்திரமாச்சே" என்று மிரண்டு போவார். பொறுமையாகச் சொல்லி விளங்க வைக்க வேண்டும். அளவும் அப்படித்தான். பழைய பத்திரத்தில் குழிக் கணக்கு எழுதியிருப்பார்கள். நம் பக்கத்தில் நூறு குழி ஒரு காணி, அதாவது 1.32 ஏக்கர், ஒரு குழி 576 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கத்தில் குழி என்றால் 144 சதுர அடிதான். கும்பகோணத்திலிருந்து வந்த மருமகன் உங்கள் பத்திரத்தைப் படித்தால் மனை நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சதுர அடியில், சதுர மீட்டரில் ஒரு தாளில் எழுதிப் பத்திரத்தோடு வையுங்கள்.

அடுத்தது பட்டா. பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று கையோடு பாருங்கள். அப்பா பெயரிலேயே இருந்தால், சில வீடுகளில் அப்பாவுக்கு விற்றவர் பெயரிலேயே இருந்தால், அதை மாற்றாமல் வீட்டைக் காட்டவே காட்டாதீர்கள். கிராம நத்தமாக இருந்த இடம் என்றால் தோராய பட்டாவா, தூய பட்டாவா என்று பாருங்கள். புல வரைபடத்தில் இருக்கிற அளவும் பத்திர அளவும் ஒத்துப்போகிறதா? பத்திரம் 1,800 சதுர அடி என்கிறது, சங்கிலி பிடித்தால் 1,740 தான் வருகிறது. இது இந்த ஊரில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எடுக்கும்போது ஒரு சாண் உள்ளே வந்திருப்பார், உங்கள் அப்பாவும் அன்றைக்குப் போனால் போகட்டும் என்று விட்டிருப்பார். சர்வேயருக்கு மனு போட்டு அளந்து, இருக்கிற அளவுக்கே விலை பேசுங்கள். அறுபது சதுர அடிக்கு ஆசைப்பட்டால் அட்வான்ஸ் வாங்கிய பிறகு அதே அறுபதை வைத்து ஒரு லட்சத்தைக் குறைப்பார்கள்.

அப்பா காலமாகிவிட்டார் என்றால் தாசில்தார் தருகிற வாரிசுச் சான்று. அதில் இருக்கிற எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், அக்கா தங்கைகள் உட்பட. "அவங்களுக்குத்தான் சீர் செஞ்சாச்சே, நகை போட்டாச்சே" என்பது பதிவு அலுவலகத்தில் எடுபடாத வாதம். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. தாத்தா வழி வந்த பூர்வீகச் சொத்து என்றாலும், தமிழ்நாட்டில் 1989-லேயே மணமாகாத மகளுக்குப் பங்குரிமை வந்துவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு மணமானவருக்கும் வந்தது. விலை பேசி முடித்த பிறகு திருவண்ணாமலையில் இருக்கிற தங்கைக்குப் போன் போட்டு, "ஒரு கையெழுத்து போடணும், வா" என்று சொன்னால் எந்தத் தங்கைக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். விலை போடுகிற நாளிலேயே அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். கிரயம் நின்றுபோன வீடுகளில் பாதி இந்த ஒரு போன்காலால் நின்றவை என்பது என் எண்ணம்.

வீட்டின் மேல் எப்போதாவது கடன் வாங்கியிருந்தால் ஒரு கண்ணி இருக்கிறது. பத்திரத்தை வங்கியில் வைத்ததற்கான எம்.ஓ.டி. ஆவணம் பதிவாகி வில்லங்கத்தில் ஏறியிருக்கும். கடனை அடைத்துப் பத்திரத்தைத் திரும்ப வாங்கியிருப்பீர்கள், நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். ஆனால் வங்கி வந்து ரசீது ஆவணம் பதிந்து கொடுக்காதவரை வில்லங்கத்தில் அந்தக் கடன் உயிரோடுதான் இருக்கும். பத்து வருஷத்துக்கு முன் அடைத்த கடனுக்கு இன்றைக்குப் போய் நின்றால், அந்தக் கிளையில் மேனேஜர் ஐந்து பேர் மாறியிருப்பார்கள். 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது: கடன் முழுதாக முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவில் ஏறிய பொறுப்பையும் நீக்க வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்கு. அதற்கு முன்பே அடைத்த கடன்களுக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும்.

மனை ஏதாவது நகரிலிருந்து வாங்கியதாக இருந்தால் அந்த நகருக்கு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைப் பதிவுக்குத் தடை போட்ட பிறகு எல்லாம் மாறிவிட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டு மனையாகப் பதிவானது மறுபடி பதிவாகும். ஆனால் வங்கி வரன்முறை உத்தரவு கேட்கும். அது இல்லையென்றால் கடனில் வாங்குகிறவர்கள் எல்லோரையும் இழந்துவிட்டு, கைப்பணக்காரர் ஒருவர் சொல்கிற விலைக்கு வீடு போகும். அந்த ஒரு தாளுக்கு இரண்டு மூன்று லட்சம் வித்தியாசம் என்றால் வியக்க வேண்டாம். நெடுஞ்சாலைக்குப் பக்கத்து வீடாக இருந்தால், தஞ்சாவூர் சாலை விரிவாக்கத்துக்கோ மேம்பாலத்துக்கோ உங்கள் சர்வே எண் கையக அறிவிக்கையில் வந்திருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

இத்தனையும் முடிந்த பிறகு சுவருக்கு வாருங்கள்.

வாங்குகிறவர் தனியாக வரமாட்டார். மனைவி வருவார், மாமனார் வருவார், கூடவே தெரிந்த மேஸ்திரி ஒருவர் வருவார். மனைவி சமையலறையில் நின்று குழாயைத் திறப்பார். தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் வைத்து உப்பா என்று பார்ப்பார். மாமனார் வாசல் எந்தப் பக்கம் என்று சூரியனைத் தேடுவார். மேஸ்திரி ஒன்றும் பேசமாட்டார். நேராக வெளியே போய், சன்ஷேடுக்குக் கீழே அண்ணாந்து பார்ப்பார். அங்கே சிமென்ட் பொரிந்து கம்பி துருவேறித் தெரிந்தால் ஒரு "ம்" போடுவார். பிறகு பாத்ரூம் சுவரின் மறுபக்கத்துக்கு வந்து, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பூச்சு விட்டிருந்தால் பொத்தென்று சத்தம் வரும். மாடிக்குப் போய் தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, மழைத் தண்ணீர் போகிற துவாரத்தில் செடி முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவார். திரும்பிப் போகிற வழியில் அவர் சொல்கிற ஒரே வாக்கியம்தான் உங்கள் விலை.

ஆகவே செலவு செய்வதை மேஸ்திரியின் கண் போகிற இடத்தில் செய்யுங்கள். சன்ஷேடு, ஓதம் ஏறிய சுவர், தளத்து ஒழுகல், சொட்டுகிற குழாய். எரிகிற வாசனை வருகிற பழைய மெயின் போர்டை மாற்றுங்கள். கொல்லையில் குவித்து வைத்திருக்கிற பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு, அப்பாவின் ஓடாத டி.வி.எஸ். வண்டி, பரண் சாமான் எல்லாம் போகட்டும். காலி அறை இரண்டு சாண் பெரிதாகத் தெரியும். மாடுலர் கிச்சன் போடாதீர்கள். ஃபால்ஸ் சீலிங் போடவே போடாதீர்கள். ஒழுகலை மறைக்கத்தான் போட்டான் என்பார்கள். பெயின்ட் ஒரு கோட் வெள்ளை போதும். ஓதத்தின் மேல் பெயின்ட் அடித்து ஆள் கூட்டிவந்தால் ஒரு மழையில் மானம் போய்விடும்.

மழை என்றதும் ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி நகராமல் நின்றபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டு, டிசம்பர் 2-ம் தேதி ரயில்களை நிறுத்தினார்கள். அதன் பிறகு இந்தப் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஃபெஞ்சலுக்குத் தண்ணி வந்துச்சா?" வந்திருந்தால் எவ்வளவு உயரம், எத்தனை நாள் நின்றது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாததை எதிர்வீட்டு ஆயா சொல்லிவிடுவார், அதுவும் ஒரு முழம் கூட்டி. வரவில்லை என்றால் அதைவிட நல்ல விளம்பரம் உங்கள் வீட்டுக்கு வேறு கிடையாது.

காட்டுகிற நேரம், வாஸ்து, விளம்பரம் பற்றியெல்லாம் நிறையச் சொல்வார்கள். காலையில் காட்டுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆடி, மார்கழியில் ஆள் வராததைப் பார்த்துப் பயந்து விலையைக் குறைக்காதீர்கள். தை பிறந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் கிடைக்காது, அரசே முகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன் விடுகிறது. வாஸ்துவுக்காக வாசலை மாற்றிக் கட்ட வேண்டாம். அடுத்தவர் வாஸ்து வேறாக இருக்கும்.

வாய் விலை எவ்வளவு? முப்பதரை லட்சம் தேறுகிற வீட்டுக்கு 33 சொல்லலாம். இந்த ஊரில் பேரம் பேசாமல் யாரும் அட்வான்ஸ் எடுக்கமாட்டார்கள். அவர்கள் ஜெயித்ததாக நினைக்க ஒரு இரண்டு லட்சம் விட்டு வையுங்கள். 42 என்று ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கினால், மூன்றாவது தரகர் வருகிறபோது, "அந்த வீடா, ஆறு மாசமா கிடக்கே, ஏதோ வில்லங்கம் போல" என்று பேர் விழுந்துவிடும். தரகருக்கு உள்மனது விலையைச் சொல்லாதீர்கள். கமிஷன் இரண்டு சதவீதம் கேட்பார்கள், ஒன்றுக்குப் படியும். யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்பதை முன்னாடியே பேசிவிடுங்கள்.

பேச்சு முடிந்ததும் வாங்குகிறவர் மெதுவாக ஆரம்பிப்பார்: "பத்திரத்துல கம்மியா காட்டிக்கலாம், மீதியைக் கையில குடுத்துடறேன்." அவருக்குப் பதிவுச் செலவு மிச்சம். உங்களுக்கு என்ன மிச்சம் என்று பாருங்கள். வீடு, நிலத்துக்கான பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. வழிகாட்டி மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டினால், நீங்கள் வாங்காத பணத்துக்கும் வரிக்கணக்கு போடுவார்கள். நெடுஞ்சாலை ஊருக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. சாலைக்கு நிலம் எடுக்கும்போது, 2013-ம் வருஷச் சட்டப்படி, அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று வருஷத்தில் பதிவான கிரயங்களில் அதிக விலை காட்டிய பாதியை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். அதுவும் வழிகாட்டி மதிப்பும் ஒப்பிட்டு எது கூடுதலோ அதை வைத்து இழப்பீடு. தெரு முழுக்கக் குறைத்து எழுதி வைத்திருந்தால் நாளைக்கு மேம்பாலம் வரும்போது தெருவே அழ வேண்டியதுதான். கடன் வாங்குகிறவர் முழு விலையையும் பத்திரத்தில் காட்டத்தான் விரும்புவார், அப்போதுதான் வங்கி கூடுதலாகக் கொடுக்கும். அந்த வகையில் அவர் உங்களுக்கும் நல்லவர்.

வரி என்றதும் பயப்படாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீடு நீண்டகால ஆதாயம். அப்பாவிடமிருந்து வந்ததற்கு அப்பா வைத்திருந்த காலமும் அப்பா போட்ட அசலும் சேரும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு இரண்டு வழி: விலைவாசிக் குறியீட்டை ஏற்றி 20 சதவீதம், அல்லது ஏற்றாமல் பன்னிரண்டரை சதவீதம், எது குறைவோ அது. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய மனைக்கு அந்தத் தேதியின் மதிப்பை அசலாக வைக்கலாம். ஆதாயத்தை வேறு வீட்டில் போட்டால் விலக்கு; இரண்டு வருஷத்துக்குள் வாங்க வேண்டும், கட்டுவதென்றால் மூன்று வருஷம். பழைய கட்டட ரசீது, இன்ஜினீயர் மதிப்பீடு இருந்தால் ஆடிட்டரிடம் கொண்டுபோங்கள். சீட்டில்லாத செலவை அவர் எழுதிக்கொள்ளமாட்டார்.

அட்வான்ஸ் வாங்கும்போது வெற்றிலை பாக்கு மாற்றினால் மட்டும் போதாது. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தமும் கட்டாயம் பதிவாக வேண்டும். பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும். மூன்று மாதத்தில் முடிக்கிறேன் என்ற ஆள் காணாமல் போனால், இருவரும் சேர்ந்து ரத்துப் பத்திரம் பதியும்வரை அடுத்தவர் உங்கள் வீட்டைத் தொடமாட்டார். ஆகவே கடன் ஒப்புதல் கடிதம் கையில் இருக்கிறவரோடு மட்டும் ஒப்பந்தம் பதியுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு வேறொருவர் இரண்டு லட்சம் கூட்டிக் கேட்டால் சபலப்படாதீர்கள். 2018-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பணத்தோடு தயாராக இருக்கிற வாங்குகிறவர் வழக்குப் போட்டால், நஷ்டஈடு வாங்கிக்கொண்டு போ என்று கோர்ட் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பத்திரத்தையே எழுதிக் கொடுக்கச் சொல்லும்.

பதிவன்று வங்கி வரைவோலையின் எண்ணும் தேதியும் பத்திரத்தில் இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கைநாட்டு வையுங்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் நடப்பு அரையாண்டு வரை கட்டிய ரசீதுகளைக் கொடுங்கள். கரண்ட் மீட்டர் ரீடிங்கைப் போனில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பை அவர் பெயருக்கு மாற்ற உங்கள் கையெழுத்தையும் அன்றைக்கே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த வருஷமும் அவர் வீட்டு பில் எஸ்.எம்.எஸ். உங்கள் போனுக்குத்தான் வரும்.